தாம்பாளத்தின் பின்புறம்

எங்கள் புளியங்கூடலில் நூதனசாலை திறந்த அன்றைக்கு முதல் ஆளாக உள்ளே போனவள் நான்தான். பழைய சாமான்கள் மேல் எனக்கு அப்படியொன்றும் பக்தி கிடையாது. என் வீட்டிலேயே வேண்டிய அளவு இருக்கின்றன, என்னுடைய முழங்கால்கள் உட்பட. ஆனால் யார் வருகிறார்கள், யாரோடு வருகிறார்கள், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்பவர்கள் என்ன உடுத்துக்கொண்டு வருகிறார்கள் என்பதையெல்லாம் எதிர்வீட்டு வேலிப் படலையில் நின்று எட்டிப் பார்ப்பதைவிட, உள்ளே கதிரை போட்டு இருந்து பார்ப்பதுதான் மரியாதை. மற்றவர் விஷயத்தை இப்படித் துருவுவதற்கு எங்கள் ஊரில் விடுப்பு என்று பெயர். அரை ஊருக்கு நான் விடுப்பு இராசேஸ்வரி. மற்ற அரை ஊர் அப்படிச் சொல்லாததற்குக் காரணம், அவர்களுக்கு வேண்டிய செய்திகளும் என்னிடமிருந்துதான் போகின்றன.

நூதனசாலை இருப்பது தில்லைநாதன் அண்ணையின், நடுவில் முற்றம் வைத்த நாற்சார் வீட்டில். அவர்களுடைய ஆட்கள் மாத்தறையில் கடை வைத்திருந்தவர்கள். இப்போது அண்ணையைத் தவிர எல்லாரும் கனடாவில். சும்மா கிடந்து வௌவால் குடியேறுவதைவிட ஊர்ச் சாமான்களை வைக்கலாம் என்று வீட்டைக் கொடுத்த அண்ணை, நிர்வாகக் குழுவின் தலைவராகத் தன்னையும் அங்கேயே வைத்துக்கொண்டார். உண்மையில் எல்லாவற்றையும் நடத்துவது வேலணையிலிருந்து பஸ்ஸில் வரும் கஜாலினி. பட்டதாரிப் பிள்ளை. நான் சொல்வதையெல்லாம் கொப்பியில் எழுதுகிற ஒரே ஆள்.

ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை ஒரு பேச்சு. அது முடியக் கஜாலினி குடும்பம் குடும்பமாகச் சேர்த்து ஏதாவது செய்விப்பாள். ஒரு தடவை நெடுந்தீவிலிருந்து ஓர் ஆசிரியர் கற்சுவர்களைப் பற்றிப் பேச வந்தார். படகு பிந்தியதால் அவர் பிந்தினார். அவர் பிந்தியதால் வடை முந்திவிட்டது. பிறகு தாய், தகப்பன், பிள்ளைகள் எல்லாருமாக முற்றத்தில் முருகைக்கல் அடுக்கி ஒரு சுவர் கட்டினார்கள். அது இன்னும் நூதனசாலைப் படலைக்குப் பக்கத்தில் நிற்கிறது. வாரத்தில் ஒரு நாளாவது நான் அதில் கால்விரலை இடித்துக்கொள்கிறேன்.

நானும் குழுவில் ஓர் அங்கத்தவர். யாரும் கேட்கவில்லை. முதற் கூட்டத்தில் எழும்பிப் போகாமல் இருந்தேன், பெயரை எழுதிக்கொண்டார்கள்.

நடு அறையில், சுவரோடு சாத்தி, ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளம் இருக்கிறது. விளிம்பைச் சுற்றிப் பூ வேலைப்பாடு. கீழே மட்டையில், 'அன்பளிப்பு: திருமதி இராசேஸ்வரி.' அச்செழுத்தில் என் பெயரை நான் முதலில் கண்டது வாக்காளர் இடாப்பில், இரண்டாவது அங்கே. வருகிறவர்களை அந்த இடத்தில் கொஞ்சம் மினக்கெடுத்துவேன்.

அந்தத் தாம்பாளம் என்னுடையது அல்ல.

அது பக்கத்து வளவு அன்னபூரணம் அக்காவினுடையது. தொண்ணூறாம் ஆண்டு பங்குனியில் என் தங்கச்சியின் கலியாணத்துக்குக் கூறைச்சேலை வைக்க இரவல் வாங்கினேன். அன்னமக்கா அப்போது புருஷனின் கடையோடு குருநாகலில். எடுத்துத் தந்தது அவவின் மாமியார். "வெள்ளிக்கிழமை கொண்டந்து தாறன் மாமி" என்றேன். எந்த வெள்ளி என்று அவவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சித்திரை போனது. வைகாசியில் அன்னமக்கா வந்து மாமியாரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனா. வீட்டைப் பூட்டித் திறப்பை, வேலியடைக்க வரும் சிவகுருவிடம் கொடுத்துவிட்டுப் போனா. பிறகு சண்டை வந்தது; எங்கள் தீவே எழும்பி யாழ்ப்பாணப் பக்கம் ஓடியது. நாங்கள் கொக்குவிலுக்கு ஓடியபோது சாக்கில் கட்டிய சட்டிபானைகளோடு தாம்பாளமும் வந்தது. சிவகுரு ஓடவில்லை. தாய்க்கு நடக்க ஏலாததால் தாயோடு கோயில் மடத்தில் தங்கிவிட்டார்.

கொக்குவிலில் ஒருநாள் கழுவும்போது தாம்பாளத்தைத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் பித்தளைச் சாமான் வாங்கினால் முதல் வேலையாகப் பெயர் வெட்டுவிப்பார்கள். கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் ஊர்ச் சாமானெல்லாம் ஓரிடத்தில் சேரும். திரும்பிப் போகும்போது மாறிப் போகக்கூடாது. அந்தத் தாம்பாளத்தின் பின்புறத்திலும் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்தில், 'ம. அன்னபூரணம், புளியங்கூடல்' என்று இருந்தது. அன்றிலிருந்து பின்பக்கம் கழுவுவதை விட்டுவிட்டேன். களிம்பு ஏறியது. எழுத்து மறைந்தது. மனதுக்கும் கொஞ்சம் சுகமாக இருந்தது.

தொண்ணூற்றேழில் நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். அன்னமக்கா கொழும்பிலிருந்து கடிதம் போட்டா: வீடு எப்படி, சாமான்கள் ஏதும் மிஞ்சியதா, பித்தளைத் தாம்பாளம் இருக்கிறதா? மாமியார் செத்துப்போயிருந்தா. ஆகவே இரவல் விஷயம் தெரிந்த ஒரே சீவன் நான். 'உங்கள் தாம்பாளம் என் குசினியில் இருக்கிறது' என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். ஏழு வருடம் கழித்து அந்த வரியை எழுத ஒரு துணிவு வேண்டும். அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்று வைத்தேன். இந்தக் கடிதத்தில், ஓடு இல்லை, கதவு நிலை இல்லை, கிணறு பரவாயில்லை என்று மூன்று பக்கம் எழுதிவிட்டு முடிவில் எழுதினேன்: 'சாமான் ஒன்றும் இல்லை. திறப்பு சிவகுருவிடம்தான் இருந்தது.'

இதில் ஒரு சொல்லாவது பொய்யா? திறப்பு அவரிடம்தான் இருந்தது.

அன்னமக்கா தாம்பாளம் கேட்டு எழுதியதைச் சொல்லி, அந்த வரியையே கூட்டுறவுச் சங்கக்கடையிலும் இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லத் தேவை இருக்கவில்லை. அதன்பிறகு ஊர் அவரைத் 'தாம்பாளம்' என்று கூப்பிட்டது. கோயில் களஞ்சியத்துக்கு ஆள் தேடினார்கள்; அவருக்குக் கொடுக்கவில்லை. வெளிநாட்டுக்காரர் வீடு பார்க்க ஆள் தேடினார்கள், அவருக்குக் கொடுக்கவில்லை. வேலியடைத்தார், கிணறு இறைத்தார், பனை ஓலை வெட்டினார். ஆனால் இந்த ஊரில் ஒரு திறப்பும் அவர் கைக்குப் போகவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அன்னமக்கா ஊருக்கே வந்துவிட்டா. மகன் ரஜீபன் லண்டனிலிருந்து காசு அனுப்பிப் பழைய வளவில் வீடு கட்டிக் கொடுத்தான். வந்த மூன்றாம் நாளே படலையில் நின்று கூப்பிடாமல் நேரே என் குசினிக்குள் அடுப்படி வரை வந்து நின்றா. தாம்பாளம் சுவர்த் தட்டில் இருந்தது. நான் ஒரு சுளகைத் தூக்கி அதன் முன் வைத்தேன். வாழ்க்கை முழுக்கச் சுளகைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அந்த நேரம் பார்த்துத்தான் நூதனசாலைக்குச் சாமான் சேர்த்தார்கள். கஜாலினியிடம் கொண்டுபோய், "எங்கட அம்மாவின்ர சீதனம் பிள்ளை" என்று கொடுத்துவிட்டேன். களவுச் சாமானை ஒளிக்க நூதனசாலையைத் தேர்ந்தெடுத்த ஆள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

அன்னமக்கா அதைப் பார்க்காமலா இருப்பா? பார்த்தா. பெருமூச்சு விட்டா. "என்ரையும் இதே மாதிரித்தான் இராசேசு. அந்த நாளையில எல்லாம் ஒரே அச்சுத்தானே" என்றா. நான், "ஓமக்கா, ஒரே அச்சு" என்றேன்.

இந்த ஆடியில் கஜாலினிக்கு யாழ்ப்பாணத்தில் நாலு மாதப் படிப்பு ஒன்று கிடைத்தது. காலையில் திறந்து மாலையில் பூட்ட ஊரிலேயே ஒருவர் வேண்டும். மூன்று மாதமாகச் சிவகுரு அங்கே தற்காலிகமாகக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். அவரையே நிரந்தரமாக வைக்கலாம் என்று கஜாலினி குழுவில் சொன்னாள்.

"ஆளில ஒரு பிழையுமில்லை," என்றார் தில்லைநாதன் அண்ணை. "ஆனால் திறப்பு எண்டு வரேக்க..."

"வரேக்க என்ன ஐயா?"

"பழைய கதை ஒண்டு இருக்கு பிள்ளை. இராசேஸ்வரிக்குத் தெரியும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அன்னமக்கா, அவவும் குழுவில் இருக்கிறா, நிலத்தைப் பார்த்தா.

"எனக்கென்ன தெரியும் அண்ணை, சனம் கதைக்குது" என்றேன். அந்தச் சனம் நான்தான்.

அண்ணை அந்த வேலைக்குத் தன் மச்சாளின் மகன் கோபிசங்கரை மனதில் வைத்திருந்தார். நல்ல பெடியன், மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வேலை மாற்றுவான். முடிவை, அடுத்த சனிக்கிழமை நிகழ்ச்சி முடியக் கூடி எடுக்கலாம் என்று தள்ளி வைத்தார்கள். சிவகுருவை வேண்டாம் என்று குழு முடிவெடுத்தால் சனிக்கிழமையோடு அவருடைய தற்காலிக வேலையும் முடிந்துவிடும்.

கூட்டம் கலைந்து போகும்போது கஜாலினி தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தாள். ஆவணிப் பேச்சுக்கு வருவதாகச் சொன்னவர் மாட்டேன் என்றுவிட்டாராம். "என்ன செய்யிறது அன்ரி?"

என் வாய்க்கு முன்யோசனை கிடையாது. "இரவலைப் பற்றி நான் பேசிறன் பிள்ளை. எங்கட சனம் சாமானில பேர் வெட்டிறது, மாறிப்போறது, சண்டை பிடிக்கிறது, எல்லாம் எனக்குத் தெரியும். பேச்சு முடியக் குடும்பங்களிட்டைக் கடதாசியும் பென்சிலும் குடும். ஏனங்களுக்கு மேல கடதாசியை வைச்சுத் தேய்ச்சால் பேர் அப்பிடியே வரும். ஆற்ற பேரெண்டு கண்டுபிடிக்கட்டும்."

கஜாலினி என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் வீட்டுக்குப் போய்ப் பேச்சுக்கு எந்தச் சேலை உடுப்பது என்று அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை சங்கக்கடைச் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. சீனி வாங்க நின்றவர்களுக்கு நானே உரத்து வாசித்துக் காட்டினேன். "பேச்சாளர்: திருமதி இராசேஸ்வரி." இரண்டு தடவை வாசித்தேன். "அதனைத் தொடர்ந்து, நூதனசாலையில் உள்ள சகல பாத்திரங்களினதும் பின்புறத்தில்..."

பின்புறத்தில் என்ற இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"என்னக்கா, கண்ணாடி விட்டிட்டு வந்தனீங்களோ?" என்றாள் சீனி நிறுத்துக்கொண்டிருந்த நிலாந்தினி.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கஜாலினி படப்பிரதி எடுக்க ஊர்காவற்றுறைக்குப் போவாள் என்று எனக்குத் தெரியும். இந்த மாதிரி விஷயங்களைத் தெரிந்துவைத்திருப்பதில்தான் என் கெட்டித்தனம். ஓலையில் பின்னிய ஒரு பெரிய உமலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். விறாந்தையில் சிவகுரு இருந்து பென்சில்களைச் சீவிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, முழங்கை வரை வேலி முள் கீறிய தழும்புகள்.

"சிவகுரு, என்ர தாம்பாளத்தை ஒருக்கா வீட்ட கொண்டுபோய் மினுக்கிக் கொண்டரட்டே? நாளைக்கு ஆக்கள் வருகினம்."

"அது நல்லா மினுங்குது அக்கா."

"பின்பக்கம் கொஞ்சம் ஊத்தையாக் கிடக்கும்."

அவர் பென்சிலை ஊதித் தூளைத் தட்டினார். "போன மாசம் புளி போட்டு மினுக்கினனான். முன்பக்கமும் மினுக்கினனான். பின்பக்கமும் மினுக்கினனான்."

நான் விறாந்தை விளிம்பிலேயே இருந்துவிட்டேன். உமல் மடியில் கிடந்தது.

"பாத்தனீரோ?"

"எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியுமக்கா."

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

"நான் சொன்னால் ஆர் நம்புவினம்? முப்பது வருசமா ஒளிச்சு வைச்சிருந்திட்டு, இப்ப கொண்டந்து உங்கட தலையில போட்டனெண்டுதான் சொல்லுவினம். அதையும் நீங்கள்தான் முதல் சொல்லுவியள்."

நிச்சயமாக நான்தான் முதல் சொல்லியிருப்பேன்.

"பயப்பிடாதையுங்கோ," என்றார் அவர். "நாளைக்குத் தேய்க்கிற சாமானுகளுக்குள்ள அதை எடுத்து வைக்க மாட்டன். கஜாலினிப் பிள்ளை கேட்டால், சுவரோட சேர்த்து ஆணி அடிச்சிருக்கு, கழட்டினால் விளிம்பு நெளியும் எண்டு சொல்லுறன்."

"ஏன் எனக்காக உப்பிடிச் செய்யிறீர்?"

"உங்களுக்காகவோ? நாளையோட எனக்கு இஞ்சை வேலை இல்லை எண்டு தெரியும். போற நேரம் ஏன் ஒரு சண்டையும் கலாதியும்?"

வெறும் உமலோடு வீட்டுக்கு வந்தேன். அன்று பின்னேரம் ஒரு கோப்பை தேத்தண்ணியும் இரண்டு பணிஸும் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தப்பிவிட்டேன் என்றால் எனக்குப் பசிக்கும்.

சனிக்கிழமை நாற்பது கதிரையும் நிறைந்தது. பதினொரு குடும்பங்கள். சுவிசிலிருந்து வந்து நின்ற ஒரு குடும்பம் முன்வரிசையில் தண்ணீர்ப் போத்தல்களோடு. அல்லைப்பிட்டியிலிருந்து அம்புறோஸ் மனைவி பிள்ளைகளோடு வான் பிடித்து வந்திருந்தார். நான் ஊதாச் சேலை. அன்னமக்கா நேரே எனக்கு எதிரில்.

நன்றாகத்தான் பேசினேன். இரவலுக்கு எங்கள் ஊரில் சட்டம் இருக்கிறது என்றேன். வெள்ளிக்கிழமை கேட்கக்கூடாது; ஆனால் 'வெள்ளிக்கிழமை தாறன்' என்று சொல்லித்தான் எல்லாரும் வாங்குவார்கள். விளக்கு வைத்த பிறகு உப்புக் கேட்கக்கூடாது. எல்லாவற்றிலும் பெரிய சட்டம், வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது. ஒரு பிடி அரிசியாவது, இரண்டு பலகாரமாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். "வெறுஞ்சட்டியைத் திருப்பிக் குடுத்தவளுக்கு அடுத்த முறை சட்டி கிடையாது" என்றேன். கைதட்டினார்கள். என்னை நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

பிறகு பென்சில்களும் கடதாசிகளும் போயின. கிடாரம், செம்பு, குத்துவிளக்கு, பன்னீர்ச்செம்பு எல்லாவற்றையும் பாயில் பரப்பியிருந்தார்கள். சுவிஸ்க்காரப் பிள்ளை ஒன்று மூலையில் கிடந்த பழைய தண்ணீர் மோட்டரில் கடதாசியை வைத்துத் தேய்த்து, "அம்மா, இது ஜப்பான் எண்ட ஆளின்ரயாம்" என்றது. அம்புறோஸ் குடும்பம் ஒரு பெரிய செப்புக் கிடாரத்தைக் கவிழ்த்து வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. திடீரென்று அம்புறோஸ் கடதாசியைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார்:

"சு. பஸ்ரியாம்பிள்ளை, அல்லைப்பிட்டி! இது என்ர பெரியப்பா! உது எங்கட கிடாரம்!"

அந்தக் கிடாரம் தில்லைநாதன் அண்ணையின் வீட்டுப் பரம்பரைச் சொத்து என்று மட்டையில் போட்டிருந்தது. அண்ணை எழும்பி வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு இன்னொருக்கால் பார்த்தார்.

"எங்கட அப்பு இரவல் வாங்கியிருப்பார் போல" என்றார்.

"ஐயா, அறுபது வருசமா வெள்ளிக்கிழமை வரேல்லையோ?" என்றார் அம்புறோஸ்.

வீடே சிரித்தது. அண்ணையும் சிரிக்க வேண்டியதாயிற்று. வெள்ளிக்கிழமை என்ற சொல்லுக்கு நான் மட்டும் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

அப்போதுதான் சிவகுரு தேநீர்த் தட்டோடு உள்ளே வந்தார். ஒவ்வொருவராகக் குனிந்து கொடுத்துக்கொண்டு வந்தார். அன்னமக்கா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு, யாரையும் பாராமல் எல்லாருக்கும் கேட்கச் சொன்னா:

"என்ர தாம்பாளமும் பேர் வெட்டினதுதான். பேர் வெட்டி என்ன, எடுத்தவனுக்கு வாசிக்கத் தெரிய வேண்டாமே?"

அதற்கும் சிரித்தார்கள். ஊர்க்காரர் மட்டும். சுவிஸ்க்காரருக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே எல்லாக் கண்களும் சிவகுருவிடம் போயின. அவர் தட்டைச் சரிக்கவில்லை. ஒரு கோப்பை ஆடவில்லை. அடுத்த ஆளுக்குக் குனிந்தார். அந்தக் குனிவில் ஒரு பழக்கம் இருந்தது. முப்பது வருடத்துப் பழக்கம்.

எனக்குத் திடீரென்று நல்ல புத்தி வந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். வந்தது கோபம். 'எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியுமக்கா' என்று முதல்நாள் சொன்ன மனுஷன் இந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்கிறாரே என்று அவர்மேல் கோபம். அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்துத் தப்பியிருப்பேன். சொல்லவில்லை.

எழும்பி நடு அறைக்குப் போனேன். தாம்பாளத்தில் ஆணியும் இல்லை, ஒன்றும் இல்லை, சாத்தித்தான் இருந்தது. தூக்கிக்கொண்டு வந்து அன்னமக்காவின் மடியில் கவிழ்த்து வைத்தேன். மேலே ஒரு கடதாசி. கையில் ஒரு பென்சில்.

"தேயுங்கோ அக்கா."

"எனக்கென்னத்துக்கு உந்தப் பிள்ளையள் விளையாட்டு?"

"தேயுங்கோ."

வாயால் சொல்ல எனக்கு ஏலவில்லை. ஓய்ந்தறியாத வாய், அன்றைக்கென்று பார்த்து லீவு எடுத்துக்கொண்டது. அன்னமக்கா அரைமனதோடு தேய்த்தா. முதலில் 'ம' வந்தது. பிறகு புள்ளி புள்ளியாக 'அன்ன' வந்தது. பென்சில் நின்றது. பிறகு வேகமாகப் போனது. ஊர்ப் பெயர் வரும்வரை அவ நிமிரவில்லை.

மோட்டரைத் தேய்த்த பிள்ளை, "அந்தப் பாட்டிக்கு என்ன பேர் வந்தது?" என்று கேட்டது.

"இது உம்மட அம்மாவின்ர சீதனம் எண்டல்லோ சொன்னனீர்?" என்றா அன்னமக்கா.

"உங்கட மாமியிட்ட இரவல் வாங்கினனான். தங்கச்சியின்ர கலியாணத்துக்கு. நீங்கள் அப்ப குருநாகலில."

"என்ர கடிதத்துக்கு மூண்டு பக்கம் பதில் போட்டனீர். கிணத்தில எத்தினை படி தண்ணி எண்டும் எழுதினனீர்."

"ஓம்."

"திறப்பு சிவகுருவிட்டை இருந்ததெண்டும் எழுதினனீர்."

"ஓமக்கா. தாம்பாளம் என்னட்டை இருந்தது."

சொல்லிவிட்டேன். அந்த வரியைச் சொல்ல எனக்கு முப்பத்துநாலு வருடம் எடுத்தது.

நான் எதிர்பார்த்தது அடி அல்லது அழுகை. அன்னமக்கா தாம்பாளத்தை நிமிர்த்தினா. வெறும் உட்பக்கத்தை எனக்குக் காட்டினா.

"வெறுந்தாம்பாளமோ திருப்பித் தாறீர்? இப்பதானே ஊருக்குச் சட்டம் படிப்பிச்சனீர்."

அம்புறோஸ்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும். என் முகம் ஊதாச் சேலையின் நிறத்துக்கு வந்திருக்கும். மேசையில் இருந்த வடையில் நாலை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். ஒன்று உருண்டு போனது; அதையும் பொறுக்கி வைத்தேன். அன்னமக்கா தாம்பாளத்தை அப்படியே தூக்கிச் சிவகுருவுக்கு முன்னால் நீட்டினா.

"முதல் நீர் எடும் தம்பி."

அவர் தேநீர்த் தட்டை மேசையில் வைத்தார். கையை உடுத்திருந்த சாரத்தில் துடைத்தார். ஒரு வடையை எடுத்து, மெதுவாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"ஒருத்தற்ற பேரும் வெட்டேல்லைத்தானே அக்கா?" என்று என்னைக் கேட்டார்.

திரும்பவும் எல்லாரும் சிரித்த அந்தச் சிரிப்பில் நான் சேரவில்லை. ஆனால் அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. அவரைப் பார்த்து அல்ல. அந்த வித்தியாசம் எனக்கு விளங்கியது.

பின்னேரக் குழுக்கூட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பஸ்ரியாம்பிள்ளையின் கிடாரத்துக்குப் பிறகு தில்லைநாதன் அண்ணைக்கு மற்றவர் வீட்டுப் பழைய கதைகளில் நாட்டம் குறைந்திருந்தது. கோபிசங்கரின் பெயரை அவரே எடுக்கவில்லை. கஜாலினி திறப்புக் கோர்வையைக் கொண்டுபோய்ச் சிவகுருவின் கையில் கொடுத்தாள். அவர் அதை எண்ணிப் பார்த்தார், மடியில் செருகினார், கதிரைகளை அடுக்கப் போனார்.

நான் அவருக்குப் பின்னால் போனேன். "சிவகுரு, அந்தக் கடிதம்..."

"கடிதம் ஒரு ஆளுக்கு எழுதினது, அதை விடுங்கோ. ஊருக்கு நடந்து போய்ச் சொன்னனீங்கள். இதையும் நடந்து போய்ச் சொல்லுங்கோ. சங்கக்கடையில இருந்து துவங்குங்கோ."

"முழங்கால் ஏலாது சிவகுரு."

"அப்ப ஏலுமாயிருந்தது."

நடந்தேன். மூன்று நாள் எடுத்தது. மற்றவரைப் பற்றிச் சொன்னபோது கதிரை எடுத்துப் போட்டுக் கேட்ட வீடுகளில், என்னைப் பற்றிச் சொன்னபோது படலையோடு அனுப்பினார்கள். "அப்பிடியோ" என்பார்கள், உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விடுவார்கள். ஆனால் நாலாம் நாள் சங்கக்கடையில் நிலாந்தினி உள்ளே திரும்பி, "தாம்பாளம் அக்காவுக்கு அரைக் கிலோ சீனி" என்று சொன்னது என் காதில் விழுந்தது. பெயர் கைமாறிவிட்டது. வேலை முடிந்தது என்று தெரிந்துகொண்டேன்.

தாம்பாளத்தை அன்னமக்கா வீட்டுக்கு எடுக்கவில்லை. "அதில இனி நான் ஆருக்குக் கூறை வைக்க? அங்கையே இருக்கட்டும். ஆனால் மறுபக்கம் தெரியவேணும்" என்றுவிட்டா. கஜாலினி புதிய மட்டை எழுத இருந்தாள். படிப்புக்குப் போகமுதல் அவள் செய்த கடைசி வேலை.

"'தவறுதலாக எங்கட வீட்டில தங்கிவிட்டது' எண்டு போடும் பிள்ளை" என்றேன்.

தாம்பாளத்தைத் தொங்கவிடச் சுவரில் கொழுவி அடித்துக்கொண்டிருந்த சிவகுரு சுத்தியலை நிறுத்தினார். "முப்பத்துநாலு வருசமாத் தவறுதலோ?"

கஜாலினி அந்தச் சொல்லை வெட்டினாள். இப்போது மட்டையில் இப்படி இருக்கிறது: 'பித்தளைத் தாம்பாளம். உரியவர்: ம. அன்னபூரணம். இரவல் வாங்கியவர்: இராசேஸ்வரி, 1990 பங்குனி. திருப்பிக் கொடுத்தது: 2024 ஆவணி, பொதுமக்கள் முன்னிலையில்.' அச்செழுத்தில் என் பெயர் இன்னும் இருக்கிறது. அதில் எனக்குக் குறையில்லை.

திங்கட்கிழமை நூதனசாலை பூட்டு. ஆனாலும் யாரும் இல்லாத நேரத்தில் ஒருக்கால் அந்த மட்டையைப் பார்க்கவேண்டும் போல இருந்தது. முருகைக்கல் சுவரில் கால்விரலை இடித்துக்கொண்டு போய், உள்ளே முற்றம் கூட்டிக்கொண்டிருந்த சிவகுருவுக்குக் கேட்கப் படலையைத் தட்டினேன்.

"திறக்கேலுமோ சிவகுரு?"

"உங்களுக்குத் திறக்காமல் ஆருக்குத் திறக்கிறது? வாங்கோ."

மடியிலிருந்து கோர்வையை எடுத்தார். எந்தத் திறப்பு என்று தேடவில்லை. கை நேராக அதற்கே போனது. என்னோடு உள்ளே வந்தார். நான் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரம் முழுக்க, இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு, என் இரண்டு கைகளையுமே பார்த்துக்கொண்டு நின்றார். நான் வெளியே வந்து படி இறங்கும்வரை கண் எடுக்கவில்லை. பிறகு பூட்டினார். பூட்டை ஒருக்கால் இழுத்துப் பார்த்தார்.

ஆள் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார். அடுத்த கூட்டத்தில் சொல்லவேண்டும்.